பாட்டும் பெயரும்



வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர்க் கோயில் ஒலிபெருக்கிகளில் அடிக்கடி கேட்கும் பாடல்களுள் ஒன்று, மயிலாப்பூர்க் கற்பகாம்பாளைப் போற்றும் 'கற்பகவல்லி' என்னும் பாடல். பாடியவர் யார் என்று கேட்டால் ரி. எம். சௌந்தரராஜன் என்று பலரும் உடனே சொல்லிவிடுவர். எழுதியவர் யார் என்று கேட்டால், தமிழ்நாட்டுப் புலவர் ஒருவராக இருக்கலாம் என்பதே பெரும்பாலும் விடையாக வரும். எழுதியவர் நம்மவர். இணுவில் தந்த பிரம்மஸ்ரீ ந. வீரமணி ஐயர், 1931 இல் பிறந்து 2003 இல் மறைந்தவர். அவரைப் பற்றியும், அவரிடம் பாடம் கேட்டு நீர்வேலியிலே பாட்டுக் கற்பித்து வாழ்ந்த என் பெரியம்மாவைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இணுவில், நாதஸ்வரமும் தவிலும் வளர்ந்த ஊர். தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த ஊரும் அதுவே. அங்கிருந்து சென்னை சென்ற வீரமணி ஐயர், ருக்மிணிதேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்திராவில் பயின்றார். பாபநாசம் சிவனைத் தம் குருவாகப் போற்றினார். 'கற்பகவல்லி' ஓர் இராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று இராகங்கள் மாறிச் செல்லும்போது, அந்தந்த இராகத்தின் பெயர் அம்பாளின் பெயராகவே பாட்டினுள் வந்து அமர்ந்துகொள்ளும். இதனை இராக முத்திரை என்பர். பக்தர் அதனை அம்பாளின் நாமமாகக் கேட்பார். இசை அறிந்தவர் இராகத்தின் அடையாளமாகவும் கேட்பார். இரண்டும் ஒரே சொல்லில் நிறைவேறுவது புலமையின் பயன்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாகித்தியம் செய்வோர் பாட்டின் முடிவில் தம் முத்திரையைப் பதிப்பது கர்நாடக இசை மரபு. தியாகராஜர் தம் பெயரையே வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். 'கற்பகவல்லி'யில் இராகங்களுக்கு முத்திரை உண்டு. எழுதியவருக்கு முத்திரை இல்லை. பாட்டு உலகெங்கும் போயிற்று. பெயர் இணுவிலிலேயே நின்றுவிட்டது.

அந்தப் புகழ்பெற்ற பாடலோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றினார். கனகாங்கி முதல் ரசிகப்பிரியா வரையான அந்த வரிசையிலே கச்சேரி மேடையில் அரிதாகவே கேட்கும் இராகங்கள் பல உள. கோடீஸ்வர ஐயருக்குப் பின் தமிழில் இவ்வழி நடந்தோர் மிகச் சிலரே. நாட்டிய நாடகங்களையும் எழுதினார். இத்தகைய ஒருவர் மேடைகளையே நாடிச் செல்லாமல் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் ஆசிரியர்களுக்குக் கலை கற்பித்தார் என்பதே என்னைப் பெரிதும் கவர்கிறது. கச்சேரி செய்பவரின் பாட்டைச் சபையிலுள்ளோர் கேட்பர். ஆசிரியரை உருவாக்குபவரின் பாட்டோ, பெயர் தெரியாத ஊர்ப் பள்ளிகளின் ஓலைக் கொட்டிலுக்குள்ளும் போய்ச் சேரும்.

அப்படிப் போய்ச் சேர்த்தவர்களுள் ஒருவர் என் பெரியம்மா. பருத்தித்துறை வீதியிலே கோப்பாய்க்கு அடுத்த ஊர் எங்கள் நீர்வேலி. சங்கரபண்டிதர் வாழ்ந்த மண். செம்மண்ணும் வாழைத் தோட்டமுமான ஊர். எழுபதுகளில் கலாசாலையில் பயின்ற அவர், சங்கீத ஆசிரியையாகப் பாடசாலைக்குப் போனார். பெரியப்பா இளவயதிலேயே காலமாகிவிட, மூன்று பிள்ளைகளும் எங்கள் அம்மப்பாவும் அவர் பொறுப்பாயினர். விடியற்காலையில் வாழைக்கு இறைப்பு; பின்னர் பாடசாலை; மாலையில் விறாந்தையிலே வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள். சம்பளம் கொடுக்க இயலாதவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவர். அதுவும் இல்லாதவர் வெறுங்கையோடு வருவர். பாடம் எல்லார்க்கும் ஒன்றே.

சாவீட்டிலே சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாட ஆள் வேண்டும். பெரியம்மாவைத்தான் தேடி வருவர். அழைப்பு எந்த ஒழுங்கையிலிருந்து வருகிறது, எவர் வீட்டிலிருந்து வருகிறது என்று அவர் பார்த்ததில்லை. இதற்காக எங்கள் உறவினர் சிலர் அவரோடு நெடுநாள் பேசாதிருந்தனர். அவர் பதில் ஏதும் சொன்னதில்லை. அடுத்த அழைப்புக்கும் போனார்.

பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. "பாடுறது பிறகு. முதல்லை ஆர் எழுதினது எண்டு சொல்லு பாப்பம்" என்பா. பெயர் சொல்லாத பிள்ளைக்குச் சுருதிப்பெட்டி திறக்காது. அது தன் குருவுக்குச் செலுத்திய கடன் என்பது எனக்குப் பின்னாளிலேதான் விளங்கிற்று.

வீரமணி ஐயர் பல ஆலயங்களுக்கு ஊஞ்சற் பாக்களும் கீர்த்தனைகளும் எழுதினார். ஊஞ்சல் நம் நாட்டிலே இன்னும் உயிரோடிருக்கும் ஒரு சிற்றிலக்கியம். காப்புச் செய்யுளோடு தொடங்கும். பவளக் கால், வைரப் பலகை என்று ஊஞ்சலை வருணித்து, ஊரின் வயலையும் சோலையையும் சொல்லி, சுவாமியை ஊஞ்சலில் ஆடுமாறு வேண்டும். வாழி, எச்சரிக்கை, பராக்கு, மங்களம் என்று முடியும். ஒரு சிற்றூரின் பெயரும் அதன் மரமும் குளமும் தமிழ்ச் செய்யுளில் ஏறுவதற்குப் பல இடங்களில் இதைவிட வேறு வாய்ப்பே இல்லை. ஆயினும் அவை அச்சானவை நாலைந்து பக்கச் சிறு பிரசுரங்களாகவே. திருவூஞ்சல் அன்று கையில் கொடுப்பர். மறுநாள் தேடினால் கிடைக்காது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, பெரியம்மா வீணையையும் சுருதிப்பெட்டியையும் விட்டுவிட்டு இரண்டு கொப்பிகளை மட்டும் அரிசிப் பையினுள் வைத்து எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். மறு ஆண்டு திரும்பியபோது வீட்டில் ஓடுகளும் இல்லை, வீணையும் இல்லை. கொப்பிகள் இருந்தன. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகம், தாளம், இயற்றியவர், தாம் படித்த ஆண்டு ஆகிய நான்கும் குறித்திருந்தார். அச்சுப் பிரதி அழிந்துபோன சில ஊஞ்சற் பாக்களும் அவற்றுள் இருந்தன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டும் என்று பேச்சு வந்தது. நேயர்கள் அறிவர், நம் கல்வெட்டுகளிலே உறவினர் பெயர்கள் பல பக்கம் வரும். இறந்தவர் செய்த தொண்டு நாலு வரியில் முடிந்துவிடும். வழக்கமான தோத்திரப் பாடல்களே போதும் என்றனர் சிலர். பெரியம்மாவின் மூத்த மகள் மட்டும், அம்மாவின் கொப்பியிலுள்ள பாடல்களையும் இயற்றியவர் பெயரோடு சேர்க்கவேண்டும் என்று நின்றார். செலவு கூடியது, பிள்ளைகள் மூவரும் பகிர்ந்துகொண்டனர். உறவினர் பெயர்ப் பக்கங்கள் சுருங்கின. சிலர்க்கு மனத்தாங்கலும் வந்தது. புத்தகம் கைக்கு வந்தபோது, பெரியம்மாவோடு பேசாதிருந்த உறவினர் ஒருவர், தம் குலதெய்வத்தின் ஊஞ்சலை அதிலே கண்டு இரண்டு பிரதி கூடுதலாகக் கேட்டு வாங்கிப் போனார்.

இதனை ஒரு குடும்பத்துச் செய்தியாகச் சொல்லவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தார்கள். 1995 இல் வீட்டு அலுமாரிகளும் வெறுமையாயின. எஞ்சியிருப்பவை இத்தகைய கொப்பிகளும் மடித்து வைத்த பிரசுரங்களுமே. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் பேணி வருகிறது. நம் வீட்டுப் பரணிலுள்ள ஊஞ்சற் பிரசுரம் ஒன்றை அங்கே சேர்ப்பித்தால், ஒரு ஊரின் பெயரும் ஒரு புலவரின் பெயரும் பிழைக்கும்.

பாட்டைப் பாடுவதற்கு நல்ல குரல் வேண்டும். அது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எழுதியவர் பெயரைச் சொல்வதற்கு நன்றியறிதல் ஒன்றே போதும். வருகின்ற வெள்ளிக்கிழமை அந்த ஒலிபெருக்கியிலே 'கற்பகவல்லி' ஒலிக்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு இணுவில் வீரமணி ஐயர் என்று ஒருமுறை சொல்லுங்கள்.