நோம்பியும் பணமும்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பண்பாடு, விழா, பணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். பெரிய தலைப்புத்தான். ஆனால் இதைத் தொடங்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுப் பேச்சிலேயே வழி இருக்கிறது. மற்ற ஊர்களில் பண்டிகை என்பதைக் கொங்கு நாட்டில் நாம் ‘நோம்பி’ என்கிறோம். தீபாவளி நோம்பி என்கிறோம், மாரியம்மன் நோம்பி என்கிறோம். நோன்பு என்ற சொல்தான் நம் வாயில் நோம்பி ஆயிற்று. விரதத்துக்கும் விருந்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மண் இது!

இது வெறும் சொல் அன்று, ஒரு வாழ்க்கை முறை. ஊரில் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், விழா முடியும்வரை சில கட்டுப்பாடுகளைக் காப்பது வழக்கம். நாமும் 40 நாள் தவக்காலத்தைக் கடந்தே உயிர்ப்புப் பெருவிழாவுக்கு வருகிறோம். 9 நாள் நவநாள் செய்தபின்பே தேர் இழுக்கிறோம். அடக்கம் முன்னே, ஆனந்தம் பின்னே. இதுவே நோம்பியின் இலக்கணம்.

பணத்திலும் இதே வரிசை இருந்தது. வேளாண்மையை நம்பி வாழ்ந்த நாளில், நெல்லும் சோளமும் களத்துக்கு வந்தபின் பொங்கல் வந்தது. விளைந்ததற்கு ஏற்பவே விழா. மழை பொய்த்த ஆண்டில் விழாவும் சுருங்கிற்று. அதற்காக யாரும் வெட்கப்படவில்லை.

பிறகு ஆலைகள் வந்தன. 1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கோவையில் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கு ஊதிய நேரமே ஊருக்குக் கடிகாரம் ஆயிற்று. தை அறுவடையின் இடத்தைத் தீபாவளி போனஸ் பிடித்துக்கொண்டது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் அதைத் தொழிலாளியின் உரிமை ஆக்கிற்று. குறைந்தது 8.33 விழுக்காடு என்பது பின்னர் நிலைபெற்றது. 8.33 என்றால் என்ன? 12இல் ஒரு பங்கு. சட்டம் கணக்கில் கொள்ளும் கூலியில் ஒரு மாதக் கூலி. ஆண்டு முழுதும் உழைத்தவன் கையில் ஒரு மாதக் கூலி மொத்தமாக வந்து, பிள்ளைகளுக்குத் துணியாகவும் பலகாரமாகவும் மாறியது. அப்போதும் உழைப்பு முன்னே, விழா பின்னே.

இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது என்பதே நான் சொல்ல வந்த செய்தி. இப்போது விழா முதலில் வருகிறது. அதற்கான பணம் பின்னால், மாதத் தவணையாக வருகிறது. நகையை அடகு வைத்துக் காதுகுத்து. வாரத் தவணைக் கடன் வாங்கிப் பூப்புனித நீராட்டு. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் தீருமுன்னே அடுத்த மகளின் கல்யாணம். முன்னே இருந்தது நோன்பு, பின்னே வந்தது நோம்பி. இப்போது நோம்பி முடிந்தபின் நோன்பு இருக்கிறோம். நாமாக ஏற்ற நோன்பு அன்று, கடன்காரன் விதித்த நோன்பு!

ஆடம்பரம் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட முடியாது. வேறொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பு ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் ஊரே வேலைக்கு வந்தது. தென்னங்கீற்று முடைந்து பந்தல் போட்டவர் ஒருவர். விறகு பிளந்தவர் ஒருவர். அண்டா குண்டா கொடுத்தவர் ஒருவர். விடிய விடியக் காய் அரிந்தவர்கள் பலர். கையில் காசில்லாத ஏழையும் அங்கே கொடுப்பவனாக இருந்தான். தன் உழைப்பைக் கொடுத்தான்; தலை நிமிர்ந்து பந்தியில் உட்கார்ந்தான். இன்று மண்டபம் வாடகைக்கு, சமையல் ஒப்பந்தத்துக்கு, பரிமாறுவதற்கும் கூலி ஆட்கள். ஏழையின் கைக்கு அங்கே வேலை இல்லை. அவன் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று, மொய்க்கவர்.

மொய் நல்ல வழக்கம், ஐயமில்லை. வங்கி எட்டிப் பார்க்காத நாளில் வட்டியில்லாமல் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஏற்பாடு அது. வாசலில் இருவர் அமர்ந்து, ஒருவர் பணத்தை எண்ண, மற்றவர் பெயர், ஊர், தொகை எழுதுவார். நமக்கு 100 ரூபாய் வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு 100க்குக் குறையாமல், கொஞ்சம் கூட்டியே வைப்போம். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதம் தொடங்கிவிட்டால், மொய் வாங்குவதற்கென்றே மொய்விருந்து நடத்துகிறார்கள். உதவியாகத் தொடங்கியது, கூட்டிக் கூட்டித் திருப்பும்போது நாளடைவில் கடனாகவே ஆகிவிடுகிறது.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பாவும் நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பது. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. கூலி ஏறாத ஆண்டிலும் முகூர்த்தங்கள் குறைவதில்லை. ஒரு மாதத்தில் 5 அழைப்பிதழ்கள் வந்துவிடும். ஐந்துக்கும் மொய் வைக்க முடியாதபோது அந்த வீட்டார் என்ன செய்கிறார்கள்? ‘உடம்புக்குச் சரியில்லை’ என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அன்பர்களே, நம் விழாக்களுக்கு வந்தவர்களின் கணக்கு மொய் நோட்டில் இருக்கிறது. வராமல் போனவர்களின் கணக்கு எந்த நோட்டில் இருக்கிறது?

ஆலையும் பனியன் கம்பெனியும் நிலையானவை அல்ல என்பதையும் பார்த்துவிட்டோம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது; நொய்யலைக் காக்க அது தேவைப்பட்டது, ஆனால் பல வீடுகளில் அடுப்பு அணைந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் மூடிய தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளில் பல நெடுநாள் திறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் மேல் 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூர் நடுங்கிற்று. எங்கோ ஒரு நாட்டில் போடும் கையெழுத்து, இங்கே ஒரு வீட்டின் வருமானத்தை அசைக்கிறது. வருமானம் அசைகிறது, தவணை அசைவதில்லை.

அப்படியானால் விழாவே வேண்டாமா? வேண்டும். ஆண்டெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்பவனுக்கு ஒரு நாள் மேளச் சத்தம் வேண்டும். பூக்காரரும் பந்தல்காரரும் தவில்காரரும் விழாவால்தான் பிழைக்கிறார்கள். ஏழைக்கு விழா ஆகாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கானாவூர்க் கல்யாண வீட்டில் இரசம் தீர்ந்தபோது, சிக்கனத்தைப் பற்றி யாரும் அங்கே உபதேசம் செய்யவில்லை. குறையை முதலில் கண்டுகொண்டவர் அன்னை மரியாள். அந்த வீட்டின் மானம் காப்பாற்றப்பட்டது.

இன்று நாம் கொண்டாடுவது பொன்விழா. 50 ஆண்டு என்பது லேவியர் நூல் சொல்லும் ஜூபிலி ஆண்டு. அந்த ஆண்டில் விற்ற நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றவன் வீடு திரும்ப வேண்டும். ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்கக் கூடாது என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. எனவே ஜூபிலி என்பது அலங்கார விளக்கு மட்டும் அன்று, சுமை இறக்குவதும் ஆகும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று: திருவிழா நன்கொடையின் தொகையை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டாம், தலைக்கு இவ்வளவு என்று வரி போடவும் வேண்டாம். இரண்டு: நம் வீட்டு அழைப்பிதழில் ‘மொய் தவிர்க்கவும்’ என்று அச்சிடும் துணிவு வசதியுள்ளவர்களுக்கு முதலில் வரட்டும், பெரிய வீடு தொடங்கினால்தான் சின்ன வீட்டுக்குக் கூச்சம் போகும். மூன்று: பந்தல், சமையல், பரிமாறுதல் ஆகியவற்றில் ஒரு பங்கையாவது மீண்டும் நம் கைகளாலேயே செய்வோம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்து, நம்மோடு பூசை காணும் இளைஞர்களையும் அந்த வேலைக்கு அழைப்போம். அவர்களுக்கு இந்த ஊரில் மொய் நோட்டு கிடையாது, கைகள் இருக்கின்றன. கூட வேலை செய்தவன் அந்நியனாக இருக்க மாட்டான்.

நம் பாட்டன்மார் விழாவுக்கு நோம்பி என்று பெயர் வைத்தார்கள். அதில் நோன்பும் இருந்தது, ஊரும் இருந்தது. அடுத்த 50 ஆண்டுகளில் நம் பங்கில் எந்த விழா நடந்தாலும், கையில் காசில்லை என்பதற்காக ஒரு குடும்பமும் வீட்டுக்குள் இருந்துவிடக் கூடாது. இதுவே என் வேண்டுதல்.