கேஷ் போட்டேன், கூடவே ஒரு தப்பும் போட்டேன்

போன எபிசோடில் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பற்றிப் பேசினோம். இன்னைக்கு கேஷ். பணம் இல்லீங்க, சர்வர்ல வைக்கிற கேஷ்.

சில வருஷம் முன்னாடி, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கைத்தறிச் சேலை ஆன்லைன்ல வித்துக்கிட்டிருந்தார். வேர்ட்பிரஸ், அதுமேல வூகாமர்ஸ். தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது போன் பண்ணினார். "தம்பி, பேஜ் சுத்திக்கிட்டே இருக்கு. வர்றவங்க பாக்காமலே போயிடுறாங்க."

முதல்ல ஆப்கேஷைப் பார்த்தேன். பிஎச்பி ஃபைலை சர்வர் படித்து, ஆப்கோடாக மாற்றி, அப்புறம்தான் ஓட்டும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் இதையே செய்வது, ஒவ்வொரு தோசைக்கும் தனித்தனியா மாவு அரைக்கிற மாதிரி. ஆப்கேஷ் அரைத்த மாவை மெமரியில் வைத்துக்கொள்ளும். 2013-ல் வந்த பிஎச்பி 5.5-லிருந்து அது கூடவே வருகிறது. இவர் சர்வரிலும் ஆன்தான். ஆனா ஒரே பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஆறு தளம் ஓடுது, மெமரி டிஃபால்ட் 128 எம்பி. எப்பவோ நிரம்பிடுச்சு. நிரம்பினால் புது ஃபைலுக்கு இடம் கிடையாது, மறுபடி அரைக்க வேண்டியதுதான். 256 ஆக்கினேன், நல்ல வித்தியாசம் தெரிஞ்சது.

(பிஎச்பி 8-ல் வந்த ஜேஐடி-யை ஏன் போடலைன்னு கேப்பீங்க. இந்த மாதிரி தளம் பெரும்பாலும் டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும். அங்கே ஜேஐடி பெருசா ஒண்ணும் பண்ணாது.)

அடுத்து என்ஜின்எக்ஸ்-ல் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ். தயாரான பக்கத்தையே டிஸ்கில் வைத்துக் கொடுத்துவிடும், பிஎச்பி பக்கமே போகாது. போட்டேன், ஆனா எதுவுமே கேஷ் ஆகலை. ஏதோ ஒரு பிளகின் எல்லாப் பக்கத்திலும் செஷன் தொடங்கி குக்கி அனுப்புது. பதிலில் செட்-குக்கி இருந்தால் என்ஜின்எக்ஸ் அதைச் சேமிக்காது. நல்ல பழக்கம் அது. நான்தான் அவசரத்தில் செட்-குக்கி, கேஷ்-கன்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ் மூணு ஹெடரையும் கண்டுக்காதேன்னு எழுதிட்டேன். தளம் பறந்தது.

மறுநாள் காலையில அண்ணன் மறுபடியும் போன். ஒரு கஸ்டமர் தன் கணக்கைத் திறந்தா, வேறொரு அம்மாவோட பேரும் வீட்டு அட்ரஸும் வருதாம். எனக்குக் கை நடுங்கிடுச்சு. "என் கணக்கு" பக்கத்தைச் சேமிக்காதேன்னு வூகாமர்ஸ் சொல்லுது, அதைச் சொல்ற ஹெடரைத்தான் நான் காதுல வாங்காதேன்னு எழுதியிருக்கேன்.

உடனே கேஷை நிறுத்தி, ஃபோல்டரை மொத்தமா அழிச்சேன். அந்த அம்மாகிட்ட நானே போன்ல பேசி மன்னிப்புக் கேட்டேன். திட்டினாங்க. திட்டணும்தான்.

அப்புறம் அந்த பிளகினை எடுத்துட்டேன், மூணு ஹெடருக்கும் பழைய மரியாதை. லாகின் குக்கி, கார்ட் குக்கி இருந்தாலோ, கணக்கு, கார்ட், செக்கவுட் பக்கமா இருந்தாலோ கேஷ் வேண்டாம். இதுக்கு ரெண்டு வரி வேணும். பைபாஸ்ங்கிறது கேஷிலிருந்து எடுக்காதேன்னு மட்டும்தான் சொல்லும். உள்ளே வைக்காதேன்னு சொல்றது நோ-கேஷ். நிறையப் பேர் முதல் வரியோட நிறுத்திடுறாங்க.

இப்போ எந்தத் தளத்துக்கு கேஷ் போட்டாலும் ரெண்டு பிரவுசர், ரெண்டு கணக்கு. ஹிட்டா, மிஸ்ஸா, பைபாஸான்னு காட்ட ஒரு ஹெடரும் சேர்த்துடுவேன். கணக்குப் பக்கத்தில் ஒரு தடவை ஹிட் வந்தாலும் லைவ் போக மாட்டேன்.

அடுத்த எபிசோடில் ரெடிஸ்.