கல் கிடைத்த மலையிலேயே ஒரு வீடு

நம் ஏற்காட்டின் பழைய பங்களாக்களில் ஒன்றையாவது அருங்காட்சியகமாக்கிக் காக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். ஓடும் வராந்தாவும் கண்ணுக்கு அழகு என்பதற்காகக் கேட்கவில்லை. இந்தியாவில் மனிதனின் தொன்மையை வெளிக்கொண்டு வந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் வாழ்ந்த மலை இது. 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த அவர், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுதான். அதே ஆண்டு வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தின் கற்காலத் தளத்தையும் கண்டார். அங்கே நம் காலத்தில் அகழ்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர், கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவித்தார்கள். அந்த ஃபூட்தான் இங்கே ஐவி காட்டேஜில் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தபோதும் அவருடைய அஸ்தி இந்த மலைக்கே வந்து, திருத்துவ ஆலயத்தில் அடங்கியது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சேற்றியவர். அவரும் ஏற்காட்டில்தான் கண்மூடினார்.

வெள்ளைக்காரன் வீட்டுக்கு நாம் ஏன் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். காடு திருத்தியவர்களையும் பழம் பறித்தவர்களையும் ஒரு பலகையில்கூட எழுதுவதில்லை. துரையின் நாற்காலியையும் பீங்கானையும் மட்டும் அடுக்கி வைக்கும் அருங்காட்சியகம் என்றால் எனக்கும் அது வேண்டாம். ஆனால் ஃபூட் விட்டுச்சென்ற சான்றே நம்மை வேறு பக்கம் கூட்டிச்செல்கிறது. நம் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கோடரிகள் பல கிடைத்தன. கைக்கு அடக்கமான கல், வாய்ப்பக்கம் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கியது, தொட்டால் வழவழவென்றிருக்கும். அவற்றை இம்மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் பொறுக்கிவந்து பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கினார்கள். அறிஞர்கள் பெயர் சூட்டுமுன்பே, இது சாதாரணக் கல் அல்ல என்று உணர்ந்து பாதுகாத்தவர்கள் அவர்கள். ஆகவே அந்த வீட்டில் முதல் அறை அவர்களுக்கே உரியது. எஸ்டேட் கூலிகளுக்கும் ஓர் அறை வேண்டும். ஃபூட் அதற்கப்புறம் வரட்டும். அப்படி அமைந்தால் யாருக்கும் துதி பாடியதாகாது, நடந்தது நடந்தபடி நிற்கும்.

இன்னொரு தடை சொல்கிறார்கள். ஃபூட் சேர்த்தவற்றை 1904-இலேயே சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிவிட்டது, எழும்பூரில் பத்திரமாக இருக்கின்றன, இங்கே தனியாக எதற்கு என்று. பத்திரம் என்பது உண்மை; அந்த நிறுவனத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில் கிடைத்தது என்று அட்டவணையில் பதிந்துவைத்தவர் ஃபூட். கிடைத்த இடம் தெரியாவிட்டால் கல் பேசாது என்பது அவர் தொழிலின் அடிப்படை. அந்த இடத்தில் வாழும் பிள்ளைகள் அதைப் பார்க்கச் சேலம் இறங்கி, ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டுமா? பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீடு இடிந்து கிடந்தது. அதைச் செப்பனிட்டு நினைவகமாக்கி, நீலகிரி வரலாற்றின் படங்களையும் ஆவணங்களையும் வைத்திருக்கிறார்கள். சின்ன இடம்தான், தேடி வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நமக்கும் பெரிய மாளிகை வேண்டியதில்லை. ஒழுகாத கூரை, பூட்டுள்ள கண்ணாடிப் பெட்டி, தமிழில் தெளிவான பலகை, மலையாளி இளைஞர்களில் இருவருக்கு வழிகாட்டி வேலை, இவ்வளவு போதும். சேர்வராயன் மலைக் கோடரிகளில் சிலவற்றையாவது நெடுநாள் இரவலாகத் தரும்படி சென்னை அருங்காட்சியகத்தைக் கேட்கும் தீர்மானத்தை, கலைந்து போகுமுன் இன்றே இந்த அவை நிறைவேற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன்.