கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: வருமுன் காப்போம்

(மான்மவுத் ஜங்ஷன் கூட்டத்தில் பேசியது)



"வழக்கு முடியட்டும், பிறகு உடம்பைப் பார்ப்போம்" என்று பலர் சொல்கிறீர்கள். இந்த நோய் வழக்கு முடியும்வரை காத்திருக்காது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாக எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். அது புற்றுநோயாக மாறப் பத்து, பதினைந்து வருடங்கள்கூட எடுக்கும். தொடக்கத்தில் நோவும் இராது, குறியும் இராது. அந்தக் காலத்துக்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம்.

21 வயதிலிருந்து 3 வருடத்துக்கு ஒருமுறை பாப் பரிசோதனை செய்யுங்கோ. 30 முதல் 65 வரை, 5 வருடத்துக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனையும் செய்யலாம். சில நிமிட வேலைதான். "நான் புருஷனோடு மட்டும் வாழ்ந்தவள், எனக்கேன்?" என்று கேட்காதேங்கோ. ஒரே துணையிடமிருந்தும் தொற்றும். இது யாருடைய நடத்தைக்கும் வைக்கும் பரீட்சை அல்ல. இதைச் செய்ததற்காக உங்கள் தஞ்சக் கோரிக்கை தள்ளுபடியாகாது.

காப்புறுதி இல்லையா? வருமானம் குறைந்தவர்களுக்கு நியூ ஜெர்சி மாநிலத்தின் 'என்.ஜே.சீட்' திட்டத்தில் இலவசம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கோ. "டமில் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்" என்று சொல்லுங்கோ; பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதேங்கோ.

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி உண்டு. 11, 12 வயது நல்ல வயது. 26 வரை போடலாம், ஆண் பிள்ளைகளுக்கும்தான். காப்புறுதி இல்லாத 18 வயது வரையான பிள்ளைகளுக்கு ஊசி மருந்து இலவசம். இலங்கையில் 2017 முதல் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். மகளின் ஊசி அட்டை இருந்தால் கொண்டு போங்கோ. ஊசி போட்டவர்களுக்கும் 21 வயதில் பரிசோதனை வேண்டும்.

மாதவிடாய் இல்லாத நாளில் இரத்தம் பட்டால் தவணை பார்க்காமல் உடனே டாக்டரிடம் போங்கோ.

போன் எடுக்கத் தயக்கமா? எங்களிடம் வாங்கோ, சேர்ந்து எடுப்போம்.