ரோஸி ஏறிய லாரி

பேருந்து நடத்துநராயிருந்த ரஜினிகாந்தும், போலீஸ் உத்தியோகத்திலிருந்த நம் திருவனந்தபுரத்துச் சத்தியனும் நட்சத்திரங்களானதைச் சொல்லி, "திறமையிருந்தால் ஏழையை எவரால் தடுக்க முடியும்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில், நாகர்கோவில் வண்டிகள் நிற்கும் பக்கத்திலிருந்து அவருக்கு விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கூலிவேலையிலிருந்து இந்நகரின் திரைக்கு முதன்முதல் ஏறிவந்தவர் ஒரு பெண், அவரைத் தடுத்தார்கள், அவர் போன திசையும் நாகர்கோவில்தான்.

மலையாளத்தின் முதற்படம் 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பாலன்' என்றும், முதற் கதாநாயகி எம்.கே. கமலம் என்றும் பலர் எண்ணுகின்றனர். அது முதற் பேசும்படமே. அதற்கு முன்னரே, அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டானியல், நிலத்தை விற்று, இந்நகரின் பட்டம் பகுதியில் ஸ்டூடியோ நிறுவி, 'விகதகுமாரன்' என்னும் மௌனப்படத்தை எடுத்து முடித்திருந்தார்.

பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை திரும்பிப் போய்விடவே, அவர் கண்டெடுத்த கதாநாயகி புல்லறுத்துப் பிழைத்த ரோஸி, இயற்பெயர் ராஜம்மா, புலையர் குலத்தவர். அவர் கலையறியாது வந்தவரல்லர். சிவனும் பார்வதியும் குறிசொல்லும் நாடோடிகளாகப் பூமிக்கு வருவதாகக் கற்பித்து, தமிழும் மலையாளமும் கலந்து நிகழ்த்தப்பெறும் காக்காரிசி நாடகத்தில் பயின்று தேர்ந்தவர். சோற்றுப் பொதியோடு காலையில் படப்பிடிப்புக்கு வந்து, மாலையில் மீண்டும் தம் வேலைக்கே திரும்புவார் என்பர்.

படம் வெளியான ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். கேபிட்டல் தியேட்டரில் நடந்த அம்முதற் காட்சிக்கு ரோஸிக்கு அழைப்பில்லை. அழையாமலே வந்தபோதும், அவரோடு சமமாக அமர்ந்து பார்க்க மாட்டோம் என்று பிரமுகர்கள் மறுத்ததால், அடுத்த காட்சிவரை வெளியே நிறுத்தப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. அவர் ஏற்ற பாத்திரமோ சரோஜினி என்னும் நாயர் பெண். நாயகன் அவள் கூந்தற் பூவை எடுத்து முத்தமிடும் கட்டம் வந்ததும், புலைச்சி நாயர் பெண்ணாக வேடமிடுவதா என்று கொதித்தெழுந்தவர்கள் திரையின்மீது கல்லெறிந்தனர். தாம் நடித்ததைத் தாம் பார்ப்பதும் ஒரு பெண்ணுக்குக் குற்றமாயிற்று என்றால், அந்த அநீதியை எந்தச் சாஸ்திரத்தைக் கொண்டு நியாயப்படுத்துவது? அவருடைய குடிசைக்கும் தீ வைத்தனர் என்பர்.

ஊரைவிட்டு ஓட வேண்டியவராயினார். தம்பானூர் ரயில் நிலையம் திறக்கப்பட்டதே 1931-இல். நாகர்கோவிலுக்கு இங்கிருந்து ரயில் ஓடியது 1979-இல். ஆகவே தமிழ்நாட்டை நோக்கிச் சென்ற லாரி ஒன்றில் ஏறித் தப்பினார். அதன் ஓட்டுநர் கேசவப் பிள்ளையையே மணந்து, ராஜம்மாளாக நாகர்கோவிலில் வாழ்ந்தார். எந்தக் குலத்துப் பெண்ணாக நடித்ததற்காகக் கல்லெறிந்தார்களோ, அந்தக் குலத்தவரே அவரை மணந்தார் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் நெஞ்சு பதறுகிறது.

வறுமையில் மறைந்த டானியலின் பெயரால் 1992 முதல் கேரள அரசு விருது வழங்குகிறது, அது தகும். ரோஸியின் பெயரைத் தாங்கிய திரைப்படச் சங்கத்தை 2019-இல் மலையாளத் திரையுலகப் பெண்களே தொடங்க வேண்டியதாயிற்று.

ஆகவே நேயரே, சத்தியனின் திறமையை நான் மனமாரப் போற்றுகிறேன்; ஆனால் திறமையைக் காட்ட அவருக்குத் திரை கிடைத்தது, அந்தத் திரையின்மீது எவரும் கல்லெறியவில்லை. அவருக்குப் பெரும்புகழ் தந்த 'நீலக்குயில்', 1954-இல், தீண்டாமையைக் கண்டித்தே எடுக்கப்பட்டது. அதில் புலையர் குலப் பெண் நீலியாக நடித்தவர் மிஸ் குமாரி. அந்தக் குலத்திலேயே பிறந்து, அபிநயம் கற்று, ஒரு படத்தில் நாயகியாகவும் நடித்து முடித்திருந்த பெண்மணி அப்போது உயிரோடிருந்தார்; அவரைத் தேடி நாகர்கோவிலுக்கு எவரும் போகவில்லை.