செய்தியைச் சுமந்தவர்கள் செய்தியை ஆள வேண்டும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

‘செய்தித் தொடர்பும் நாமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கல்விக் கழகத்தின் விழாவில் படிப்பைப் பற்றிப் பேசாமல் செய்தியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கருதக்கூடும். இரண்டும் ஒன்றே என்பது நம் எண்ணம். 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பட்டியல் இனத்தவருள் எழுத்தறிந்தோர் 100க்கு 10 பேர் அளவே. 2011இல் அது 66 ஆயிற்று. நம் முன்னோர் பட்ட பாட்டின் பயன் இது. எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். இனி அந்த எழுத்தை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பதையும் படிக்கக் கற்க வேண்டும். இதுவே கல்வியின் அடுத்த படி.

செய்தித் தொடர்பு என்றால் என்ன? பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் வாழ்விலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஊர்க் கூட்டமா, வரி கட்டும் நாளா, ஏரி ஏலமா, தண்டோரா போடப்படும். பறையை அறைந்து தெருத் தெருவாக அறிவிக்கும் பணி நம்மவர்மீது சுமத்தப்பட்டிருந்தது. இழவு நேர்ந்தால் பல கல் தொலைவு நடந்து சொல்லி வருவதும் நம்மவர் கடமை என்றே வைத்திருந்தனர். செய்தியை முடிவு செய்தவர் வேறொருவர். அதைக் கேட்டுப் பயன் அடைந்தவர் வேறொருவர். இடையில் இருந்த தோலும் குரலும் கால்களும் மட்டுமே நம்முடையவை. எந்தக் கூட்டத்திற்கு ஊரை அழைத்தோமோ அந்தக் கூட்டத்தில் உட்காரும் உரிமை நமக்கு இல்லை.

பறைதல் என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்பதே பொருள். மலையாள நாட்டில் இன்றும் அவ்வாறே வழங்குகிறது. சொல்லுதலைத் தன் பெயரிலேயே கொண்ட கருவியைக் கையில் வைத்திருந்தும், நம் சொல் ஒன்றையேனும் அதன் வழியாகச் சொல்ல நம்மை விடவில்லை. 2022 ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தை ஒழித்து, ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். விடுதலை பெற்று 75 ஆண்டுகள் கழிந்த பின் வந்த ஆணை அது. பறை இன்று மேடை ஏறிய கலை. அதனைப் பெருமையுடன் முழக்குகிறோம். பிறர் ஏவலுக்குப் பணிந்து அறைந்த நிலையை மட்டுமே மறுக்கிறோம்.

அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் என்பவர், எந்தச் செய்தித் தொடர்பையும் ஆராய ஐந்து வினாக்கள் போதும் என்று 1948இல் வகுத்துக் காட்டினார். யார் சொல்கிறார்? என்ன சொல்கிறார்? எவ்வழியாகச் சொல்கிறார்? யாருக்குச் சொல்கிறார்? அதனால் விளையும் பயன் யாது? இவ்வினாக்களைத் தண்டோராவின்மீது வைத்துப் பாருங்கள். ‘எவ்வழியாக’ என்னும் மூன்றாம் வினாவுக்கு மட்டுமே நாம் விடையாக இருந்தோம். ‘யார்’ என்னும் முதல் வினாவுக்கு விடையாக நாம் இருந்ததில்லை.

அந்த முதல் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாக எறியப்பட்ட பெயரையே எடுத்து இதழின் நெற்றியில் பொறித்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை வெளியிட்டார். ஏழையும் வாங்கலாம் என்பதை இதழின் பெயரே அறிவித்தது. அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயலில் உழைத்த நம் மக்களும் அதனைப் படித்தனர். பம்பாயில் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ என்னும் மராத்தி இதழைக் கொண்டுவந்தார். வாயற்றோரின் தலைவன் என்பது அதன் பொருள். அவ்விதழுக்குக் கட்டணம் செலுத்தி விளம்பரம் தர முன்வந்தபோதும், ‘கேசரி’ பத்திரிகை அதனை ஏற்க மறுத்தது. பணம் கொடுத்தாலும் கிடைக்காத இடம் ஒன்று உண்டு என்பதை அன்றே நாம் அறிந்தோம். அண்ணல் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. 1927இல் ‘பஹிஷ்கிருத் பாரத்’, 1930இல் ‘ஜனதா’, 1956இல் ‘பிரபுத்த பாரத்’ என்று இறுதிவரை இதழ் நடத்தினார்.

இன்று நிலை மாறிவிட்டதா? 1996இல் பி. என். உனியால் என்னும் இதழாளர், அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களின் பட்டியலை எடுத்து, அதில் ஒரு தலித் செய்தியாளரையேனும் காண முயன்றார். ஒருவரையும் காண இயலவில்லை என்று ‘பயனியர்’ நாளேட்டில் எழுதினார். பத்தாண்டு கழித்து, 2006இல், தில்லியில் 37 செய்தி நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த 315 பேரைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் ஒருவர்கூடத் தலித்தோ பழங்குடியினரோ அல்லர். எழுதுகிறவர் அனைவரும் தீயவர் என்று நாம் கூறவில்லை. நம் தெருவில் கால் வைக்காதவர் நம்மைப் பற்றி எழுதும்போது எதைக் காண்பார், எதைக் காணாமல் விடுவார் என்பதே நம் வினா.

அதற்கு இலக்கண வகுப்பிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். ‘குடிசைகள் எரிந்தன’ என்பது தன்வினை. ‘குடிசைகள் எரிக்கப்பட்டன’ என்பது செயப்பாட்டுவினை. ‘இன்னார் குடிசைகளை எரித்தனர்’ என்பது செய்தவரைச் சொல்லும் பிறவினை. முதல் தொடரில் நெருப்பு மட்டுமே உண்டு, குற்றம் இல்லை. இரண்டாம் தொடரில் குற்றம் உண்டு, குற்றவாளி இல்லை. மூன்றாம் தொடரில்தான் மூன்றும் உண்டு. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் ‘எரிந்தனர்’ என்று எழுதினால் அது விபத்து. ‘எரிக்கப்பட்டனர்’ என்று எழுதினால் அது கொலை. ஒரு வினைச்சொல்லின் விகுதியில் 44 உயிர்களின் நீதி தங்கியிருக்கிறது. இளைஞர்கள் இலக்கணத்தைத் தேர்வுக்கு மட்டும் படிக்க வேண்டா.

‘இரு பிரிவினரிடையே மோதல்’ என்னும் தலைப்பை அடிக்கடி காண்கிறோம். அடித்தவனும் அடி வாங்கியவனும் அத்தலைப்பில் சமமாகிவிடுகின்றனர். ஆகவே லாஸ்வெல் கூறிய ஐந்து வினாக்களுடன் ஆறாவது ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாரைக் கேட்காமல் இது எழுதப்பட்டது? காவல் நிலையத்தின் கூற்று இருக்கும். ஊர்ப் பெரியவரின் கூற்று இருக்கும். அடிபட்டவரின் கூற்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையெனில் அச்செய்தி பாதிச் செய்தியே.

இதுவரை பிறர் எழுதுவதைப் பற்றிக் கூறினோம். இனி நம்மைப் பற்றியும் கூற வேண்டும். அச்சுக்கூடம் வைக்கப் பொருளின்றித் தவித்தனர் நம் முன்னோர். இன்று ஒவ்வோர் இளைஞர் கையிலும் கைப்பேசி என்னும் அச்சுக்கூடம் உண்டு. அதை வைத்து நாம் என்ன செய்கிறோம்? எவரோ எழுதியதை, யாரென்று கேளாமல், உண்மையா என்று பாராமல், அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். இது மீண்டும் தண்டோரா போடுவதே அன்றி வேறென்ன? அன்று நம்மைக் கட்டாயப்படுத்தினர். இன்று நாமே விரும்பிச் செய்கிறோம்.

இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாக வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியே வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், கோவில் வழிபாட்டுக்காகச் சென்னையிலிருந்து உறவினருடன் வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் அச்செய்தியை எழுதியவர்கள் அல்லர், நம்பியவர்கள். அக்காலத்தில் நாடெங்கும் சுற்றிய ஒரு காணொளியில், இரு சக்கர வண்டியில் வந்தவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டினர். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனமாகப் பாதுகாக்கும்படி பெற்றோரை விழிப்படையச் செய்ய எடுத்த படம். இறுதியில் அந்தக் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவர். அந்த இறுதிப் பகுதியை எவரோ வெட்டிவிட்டனர். வெட்டியவர் கை எதுவென்று ஒருவரும் அறியார். அனுப்பிய கைகளோ இலட்சக்கணக்கானவை. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு கட்டியது. நிறுவனம் கட்டும் வரம்பினும் நம் அறிவு கட்டும் வரம்பே உறுதியானது.

நம் பிள்ளைகளைக் குறிவைத்து வரும் பொய்களும் உண்டு. கல்வி உதவித்தொகை உயர்ந்துவிட்டது, இந்த இணைப்பைத் தொட்டு ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் பதிவு செய்க, பதிவுக் கட்டணம் இவ்வளவு என்று வரும் செய்திகளை நாம் பலமுறை கண்டோம். கூலி வேலை செய்து சேர்த்த பணத்தை இழந்துவிட்டு நம் கழகத்தின் வாயிலில் நின்ற பெற்றோரையும் கண்டோம். அவர்களுக்கு அச்செய்தியை அனுப்பியவர் பகைவர் அல்லர். நன்மை செய்வதாக எண்ணிய உறவினரே. உதவி கொடுப்பவர் முன்பணம் கேட்பாரா என்று ஒரு வினா எழுப்பியிருந்தால் பணம் தப்பியிருக்கும். இவ்வாறு பணம் இழந்தவர் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். உதவித்தொகை பற்றிய ஐயங்களைக் கல்லூரி அலுவலகத்திலும் மாவட்ட நல அலுவலகத்திலும் நேரில் கேட்டுத் தெளிய வேண்டும்.

நமக்குச் சாதகமான பொய்யும் பொய்யே என்பதை இங்கே வலியுறுத்த விரும்புகிறோம். வேறு மாநிலத்தில் எப்போதோ எடுத்த படத்தை, நேற்று நம் மாவட்டத்தில் நடந்த கொடுமை என்று அனுப்பினால், அது ஒரு நாளில் வெளிப்பட்டுவிடும். மறுநாள் மெய்யாகவே நடக்கும் கொடுமையையும் பொய் என்று தள்ளிவிட அதுவே வழிகாட்டும். செயற்கை நுண்ணறிவால் ஒருவர் பேசாததைப் பேசியதாகக் காட்டும் படங்களும் உருவாகிவிட்ட காலம் இது. படத்தின் நாள் எது, இடம் எது, வேறு எவரேனும் இதை உறுதி செய்தனரா என்று பாருங்கள். உறுதி இல்லையேல் உங்கள் கையோடு நிறுத்துங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரையும் படத்தையும் பரப்புவது சட்டப்படி குற்றம். இரக்கத்தால் செய்தாலும் குற்றமே.

செய்தியைச் சோதிப்பது ஒரு பாதி. செய்தியைக் கேட்டுப் பெறுவது மறுபாதி. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குக் கிடைத்த பெரிய கருவி. 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்குக் கட்டணமும் இல்லை. 30 நாளில் விடை வர வேண்டும். உயிரோ தனிமனித சுதந்திரமோ பற்றியதாயின் 48 மணி நேரத்தில் வர வேண்டும். வராவிடில் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் முறையீடும், பின்னர்த் தகவல் ஆணையத்தில் இரண்டாம் முறையீடும் செய்யலாம். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்பதைவிட, ‘இந்த ஆண்டு எங்கள் மாவட்ட விடுதிகளுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, அதற்கான ஆவணத்தின் நகல் தருக’ என்று கேட்பதே பயன் தரும். சட்டம் ஆவணத்தைத் தரச் சொல்கிறது. காரணம் கற்பிக்கச் சொல்லவில்லை. ஊராரின் அறிவிப்பைச் சுமந்து அலைந்த நாம், அரசின் ஏட்டைத் திறந்து காட்டுமாறு கேட்கும் நிலைக்கு உயர்ந்துள்ளோம். அந்த உயர்வைப் பயன்படுத்தாமல் விடலாகாது.

இவ்வெள்ளி விழாவை ஒட்டி நம் கழகத்தின் முன் மூன்று பணிகளை வைக்க விரும்புகிறோம். முதலாவது, நம் படிப்பகத்தில் வாரம் ஒரு மணி நேரம், ஒரே செய்தியை இரண்டு நாளேடுகளிலிருந்து உரக்கப் படித்து ஒப்பிட வேண்டும். எழுத்தறியாத தாய்மாரும் முதியோரும் கேட்கட்டும். அவர்கள் கேட்கும் கேள்வி பல வேளைகளில் நம் பட்டதாரிகளின் கேள்வியினும் கூர்மையானது. இரண்டாவது, நம் மாணவர்கள் மாதந்தோறும் ஒரு கையெழுத்து இதழ் நடத்த வேண்டும். அதில் நம் தெருவின் செய்தியை நாமே, நாளும் இடமும் சான்றும் குறித்து எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டும். மூன்றாவது, காலாண்டுக்கு ஒரு தகவல் மனுவேனும் கழகத்தின் துணையுடன் அனுப்பப்பட வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. சில தாள்களும் கொஞ்சம் விடாமுயற்சியும் போதும்.

இப்பயிற்சி பெற்றவர்களுள் சிலர் நாளை செய்தியாளராக வேண்டும், ஆசிரியர் குழுவில் அமர வேண்டும் என்பது நம் விருப்பம். 2006இல் எண்ணிப் பார்த்து ஒருவரும் இல்லை என்று கூறிய அந்த நாற்காலிகளில் நம் பிள்ளைகள் உட்காரும் நாளை இக்கழகத்தின் பொன்விழா காண வேண்டும். அதுவரை, கைக்கு வரும் ஒவ்வொரு செய்தியிடமும், நீ யார், யார் பொருட்டு வந்தாய் என்று கேட்போம். விடை கிடைத்தால் ஏற்போம். கிடைக்காவிட்டால் நிறுத்துவோம். பிறர் அறிவிப்புக்குப் பறையாக இருந்தது போதும். இனி நம் சொல்லை நாமே பறைவோம்.