வயிற்றுவலி என்றால் நடிப்பா?

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

சில ஆண்டுகளுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்ததும், ஒரு கடைக்காரச் சகோதரர் தன் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன். "ஹஜ்ரத், திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி என்கிறான். ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான். நீங்கள் புத்தி சொல்லுங்கள்" என்றார்.

நானும் அரை மணி நேரம் புத்தி சொன்னேன். அவனிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை! அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது பையன் வீட்டை விட்டு ஓடிவிட்டான். மூன்றாம் நாள் வேறோர் ஊரின் பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தோம். திங்கட்கிழமைதோறும் கணக்குத் தேர்வு. மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிப்பார்கள். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வலி பொய்யல்ல!

ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். பயம் வந்தால் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவை உடலில் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசை இறுகுகிறது, குடலின் இயக்கம் மாறுகிறது. பயம் அன்றாடம் தொடர்ந்தால் தலைவலி, வயிற்றுவலி, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். கடன் கொடுத்தவர் கடை வாசலில் வந்து நிற்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறதே, அது நடிப்பா? நமக்கு வந்தால் உண்மை, பிள்ளைக்கு வந்தால் நடிப்பா?

மகள் மயங்கி விழுந்தால் ஜின் என்று சொல்லித் தாயத்துக் கட்ட ஓடுகிறோம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இத்தனை வீடுகளிலும் ஜின்னா?

பரிசோதனை எதற்கு?

கடையில் ஆண்டுக்கு ஒருமுறை சரக்கு இருப்பைக் கணக்கெடுக்கிறோம். பிள்ளைகளை? மத்திய அரசு 2013ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை வரவேண்டும். உயரம், எடை, கண், பல், இரத்தசோகை பார்ப்பதோடு, பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்திருக்கிறதா என்றும் வளரிளம் பிள்ளைகளிடம் கேட்கவேண்டும்.

உடலையும் மனதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தலைவலிக்குக் கண் பார்வைக் குறை காரணமாக இருக்கலாம். களைப்புக்கு இரத்தசோகை காரணமாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை! எனவே எல்லாவற்றையும் மனதின் மேல் போட்டுவிடவும் கூடாது.

ஆனால் நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "உனக்குக் கவலை உண்டா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் யார் ஆம் என்பார்கள்? தனியாகக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு கைவிடவும் கூடாது. பரிசோதனை என்பது சல்லடைதான், தீர்ப்பல்ல. சல்லடையில் நின்ற பிள்ளையை மருத்துவரிடம் சேர்க்காவிட்டால் சலித்து என்ன பயன்?

சீட்டை மறைக்காதீர்கள்!

மேல்சிகிச்சைக்குச் சீட்டு கொடுத்தால், "நாளை நிக்காஹ் பேசும்போது தெரிந்துவிடுமே" என்று கிழித்துப் போடுகிறோம். மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாக இருப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது. சீட்டைக் கிழிக்கலாம், நோயைக் கிழிக்க முடியுமா?

சகோதரர்களே! மருத்துவக் குழு போகாத தனியார் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். வாப்பா வளைகுடாவில், உம்மா ஒற்றையாக. மதரஸா விடுதிகளின் நிலை என்ன? நான் ஓதிய காலத்தில் காய்ச்சல் வந்தால்தான் நோய். இரவில் ஒரு சிறுவன் அழுதால் "வீட்டு ஞாபகம்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிவிடுவார்கள். அதே தவறை நாமும் செய்யலாமா?

நாம் செய்ய வேண்டியவை:

1. பரிசோதனை நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். குழு வரவில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

2. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் மதரஸாவுக்கும் தனியார் பள்ளிக்கும் அழைக்கட்டும். செலவை வணிகர்கள் ஏற்கட்டும்.

3. 2022ல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416ஐ ஒவ்வோர் இளைஞரும் குறித்துக்கொள்ளுங்கள். இரவிலும் தமிழில் பேசலாம்.

4. இன்று கடையடைத்து வீடு போனதும் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள்.

அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் ஹஜ்ரத்" என்றான். உங்கள் பிள்ளை உங்களிடம் அப்படிச் சொல்லும் நிலை வரவேண்டாம். வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.